14 வினாடி வேகமும் 40 நிமிட வேகமும்: பழைய மஸில் காரை நீண்ட ஓட்டத்துக்குத் தயார் செய்வது

பழைய அமெரிக்க மஸில் கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டே கேள்விகளில் முடிந்துவிடும். என்ன இன்ஜின்? எத்தனை குதிரைத்திறன்? 1969 ஷெவர்லே கமாரோ ஒன்றில் 500 குதிரைத்திறன் இன்ஜினை இறக்கிவிட்டால் அது மணிக்கு 240 கிலோமீட்டரில் போய்க்கொண்டே இருக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். 240-ஐத் தொடும், சந்தேகமில்லை. எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கும் என்று கேட்டால்தான் பதில் சிக்கலாகிறது.

அந்த வேகத்தை அரை நிமிடம் பிடிக்கும் காரும் அரை மணி நேரம் பிடிக்கும் காரும் வேறு வேறு கார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கலாம். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை, கார் மெக்கானிசம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

## மிக்ஸியும் கிரைண்டரும்

வீட்டு மிக்ஸி 750 வாட். மேசைமேல் வைக்கும் வெட் கிரைண்டர் 150 வாட். வாட்டை மட்டும் பார்த்தால் மிக்ஸிக்கு ஐந்து மடங்கு பலம். ஆனாலும் இட்லிக்கு உளுந்தைப் போட்டு அரை மணி நேரம் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது கிரைண்டரை நம்பித்தான். மிக்ஸியை அப்படி விடாமல் ஓட்டினால் சில நிமிடங்களில் வாடை வரும், அப்புறம் அடியிலிருக்கும் ஓவர்லோட் பொத்தான் 'டக்'கென்று வெளியே வந்து மோட்டார் நின்றுவிடும். மிக்ஸி மோட்டார் மட்டமானது என்று இதற்கு அர்த்தமில்லை. உள்ளே சேரும் சூடு ஆபத்தான அளவை எட்டுவதற்குள் சட்னி அரைந்துவிடும் என்ற கணக்கில் அதைச் செய்திருக்கிறார்கள்.

மஸில் கார் இந்தக் கணக்கில் மிக்ஸி பக்கம். 1964-இல் வந்த போண்டியாக் ஜிடிஓ முதல் இந்தக் கார்களின் சூத்திரம் எளிமையானது: நடுத்தர அளவு உடம்பு, பெரிய வி8 இன்ஜின், கையைக் கடிக்காத விலை. அவற்றின் பரீட்சைக்கூடம் கால் மைல் ஓட்டம். 402 மீட்டர், நேர்கோடு, 14 அல்லது 15 வினாடி. ஓட்டம் முடிகையில் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அவ்வளவுதான், காலை எடுத்துவிடலாம். அந்த 14 வினாடியில் பிறக்கும் சூட்டை இன்ஜின் இரும்பும் உள்ளே இருக்கும் தண்ணீருமே வாங்கி வைத்துக்கொள்ளும். வெளியே தள்ள வேண்டிய அவசரம் வருவதற்குள் ஓட்டம் முடிந்திருக்கும்.

நீண்ட ஓட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு வினாடியும் பிறக்கும் சூடு அதே வினாடியில் வெளியேறியாக வேண்டும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகி, வெப்பமானி முள் ஒரே இடத்தில் நிற்கும் நிலையை வெப்பச் சமநிலை என்பார்கள். பழைய காரை நீடித்த வேகத்துக்கு மாற்றுவது என்றால், தண்ணீர், ஆயில், டயர் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பான ஓர் அளவில் இந்தச் சமநிலையை ஏற்படுத்துவதுதான் பெரும்பகுதி வேலை.

## காற்று கேட்கும் விலை

காரை எதிர்த்துக் காற்று தள்ளும் விசைக்குக் காற்றுத் தடை என்று பெயர். வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். அந்த விசையை எதிர்த்து இரண்டு மடங்கு வேகத்தில் போக வேண்டியிருப்பதால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். இந்த எட்டு மடங்குதான் எல்லாத் தொல்லைக்கும் வேர்.

கமாரோ அளவுள்ள, அறுபதுகளின் உடல்வடிவம் கொண்ட காருக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றையும் டயர் உருளும் தடையையும் சேர்த்துச் சமாளிக்க 25 குதிரைத்திறன் போதும். 200-இல் ஏறக்குறைய 150 வேண்டும். 240-இல் 250. இந்த எண்களைப் பார்த்தால் ஒன்று புரியும்: 500 குதிரைத்திறன் தேவையே இல்லை. நல்ல நிலையிலிருக்கும் 350 கன அங்குல இன்ஜின், அதாவது 5.7 லிட்டர் வி8, காரை 200-க்குக் கொண்டுபோய்விடும். அங்கேயே நிற்க வைப்பதுதான் வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1969 விளம்பரத்தில் கமாரோ எஸ்எஸ் 350-க்கு 300 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும். அது இன்ஜினைத் தனியாக மேடையில் வைத்து, காரில் இருக்கும் சைலன்சர், ஏர் ஃபில்டர் போன்ற தடைகள் இல்லாமல் அளந்த எண். 1972-இல் அமெரிக்க நிறுவனங்கள் காரில் பொருத்திய நிலைக்கு ஒத்த அளவீட்டுக்கு மாறியபோது எண்கள் மளமளவென்று இறங்கின. ஆகவே பழைய விளம்பர எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

காற்று எதிர்ப்பதோடு நிற்பதில்லை, தூக்கவும் செய்கிறது. முன்பக்கத்துக்கு அடியில் புகும் காற்று, பானெட்டுக்குக் கீழே அடைபட்டு, காரின் மூக்கை மேலே தள்ளும். இதைத் தூக்குவிசை என்று வைத்துக்கொள்வோம். 160-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று ஓட்டுநர்கள் சொல்வதில் பாதி இந்தத் தூக்குவிசைதான்.

டாட்ஜ் நிறுவனம் இதைப் பந்தயத்தில் தோற்றுக் கற்றுக்கொண்டது. 1968 சார்ஜர் பார்ப்பதற்கு வழுக்கிக்கொண்டு போவது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளடங்கிய முன் கிரில் காற்றைச் சட்டி போல ஏந்தியது, பின் கண்ணாடியைச் சுற்றியிருந்த பள்ளம் காற்றைக் கலக்கிப் பின்பக்கத்தைத் தூக்கியது. 1969-இல் கிரில்லையும் கண்ணாடியையும் உடம்போடு சமமாக வைத்து சார்ஜர் 500 வந்தது. அதுவும் போதாமல் அதே ஆண்டு கூர் மூக்கும் ஏறக்குறைய இரண்டடி உயர இறக்கையுமாக சார்ஜர் டேடோனா வந்தது. 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா ஓடுதளத்தில் பட்டி பேக்கர் அந்த வகைக் காரில்தான் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தய வரலாற்றில், மூடிய சுற்றுப்பாதையில் அந்த எல்லையைத் தாண்டிய முதல் ஓட்டம் அது.

வீட்டில் ஒரு கார் வைத்திருப்பவர் இறக்கை வைக்க வேண்டியதில்லை. முன் பம்பருக்குக் கீழே தரையை நோக்கி இறங்கும் ஒரு தடுப்புத் தகடு, காற்று காருக்கு அடியில் புகுவதைக் குறைக்கும், மூக்கைக் கீழே வைத்திருக்கும். பின்னால் சிறிய ஸ்பாய்லர் ஒன்று. பானெட்டுக்குக் கூடுதல் பூட்டு ஊசிகள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு நல்ல கார்புரேட்டர் விலைகூட வராது. ஆனால் புது கார்புரேட்டரைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள்தான் அதிகம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு வேண்டும், காற்று காரைத் தூக்கவும் பார்க்கும். சரி, அந்தத் திறனை எரிபொருளிலிருந்து எடுக்கும்போது பிறக்கும் சூடு எங்கே போகிறது?

## சூட்டை வெளியே அனுப்புவது

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கால்வாசியோ அதற்குச் சற்று மேலோதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதி சூடு. அதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகும், இன்னொரு பெரும் பங்கு இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீர் ஏந்தும் பங்கு, சக்கரத்துக்குப் போகும் திறனுக்கு ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 100 கிலோமீட்டர் வேகத்தில் போவதைவிட 200-இல் ரேடியேட்டருக்கு ஆறு மடங்கு வேலை. 1969-இல் வடிவமைத்த ரேடியேட்டருக்கு இதைத் தொடர்ந்து செய்யும் தெம்பு கிடையாது. அகலமான குழாய்கள் கொண்ட அலுமினிய ரேடியேட்டர் முதல் தேவை.

ஆனால் பலர் இங்கேயே தப்பான பொருளில் காசைப் போடுகிறார்கள்: பெரிய மின்சார ஃபேன். ஃபேன் சிக்னலில் நிற்கும்போது உதவும். 200-இல் எதிர்க்காற்றே ஃபேனைவிடப் பல மடங்கு வேகமாக ரேடியேட்டருக்குள் நுழையும், ஃபேனைச் சுற்றியிருக்கும் மறைப்பு சில சமயம் அதற்குத் தடையாகவும் ஆகும். உண்மையான பிரச்சினை காற்று வெளியே போவதில் இருக்கிறது. ரேடியேட்டரைத் தாண்டி வந்த காற்று பானெட்டுக்குக் கீழே நெருக்கியடித்து நின்றால், முன்னால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் இருந்தும் புதுக் காற்று உள்ளே வராது. முன்பு சொன்ன தடுப்புத் தகடு இங்கேயும் கைகொடுக்கும். அதன் பின்னால் காரின் அடியில் அழுத்தம் குறைவதால், சூடான காற்றை அது கீழ்நோக்கி இழுக்கும். ரேடியேட்டரின் ஓரங்களில் இருக்கும் இடைவெளிகளை ரப்பரோ தகடோ வைத்து அடைத்துவிட்டால், வரும் காற்று சுற்றிக்கொண்டு ஓடாமல் ரேடியேட்டர் வழியாகவே போகும். பெரிய பலன் தரும் மலிவான வேலை இது.

'தண்ணீர் வேகமாக ஓடினால் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது' என்ற ஒரு பேச்சும் பட்டறைகளில் உண்டு. தவறு. அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. வேகமாக ஓடினால் வெப்பப் பரிமாற்றம் கூடுமே தவிரக் குறையாது.

தண்ணீரைவிட எனக்குக் கவலை தருவது ஆயில். தண்ணீர் சூடானால் டேஷ்போர்டில் ஒரு விளக்காவது எரியும். ஆயில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று காட்ட அந்தக் காலத்து டேஷ்போர்டில் ஒன்றுமே இருக்காது. உருளும் உலோகங்களுக்கு நடுவே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று அவை உரசாமல் பார்த்துக்கொள்கிறது. சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துப்போகும், படலம் மெலியும். 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதியாக இருக்கலாம். 130-ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்றால் பேரிங்குகளின் ஆயுள் கரைந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஆயிலுக்கென்று தனி வெப்பமானியும், முன்னால் காற்றுபடும் இடத்தில் ஓர் ஆயில் கூலரும் வேண்டும்.

அளவும் முக்கியம். முன்பு சொன்ன 350 கன அங்குல இன்ஜினின் ஆயில் கொள்ளளவு ஃபில்டரோடு சேர்த்து 5 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. அதிகச் சுழற்சியில் தொடர்ந்து ஓடும்போது பம்ப் ஆயிலை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே போனது வால்வுகளைச் சுற்றி நின்று, சிறு துளைகள் வழியாக மெதுவாகத்தான் கீழே இறங்கும். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால், அடியில் மிச்சமிருக்கும் ஆயிலும் முன்பக்கம் ஓடிவிடும். உறிஞ்சும் குழாய் இருப்பதோ பின்பக்கம். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். சில வினாடி போதும். 'அதிகம் தள்ளும் பம்ப்' வாங்கி மாட்டுகிறவர்கள் இதை இன்னும் மோசமாக்கவும் கூடும், அது அடித்தொட்டியை இன்னும் சீக்கிரம் காலி செய்யும். சரியான வழி, இன்னும் இரண்டு லிட்டராவது கூடுதலாகப் பிடிக்கும், உள்ளே தடுப்புகள் வைத்த அடித்தொட்டி. ஆயில் ஓடினாலும் உறிஞ்சும் குழாயைச் சுற்றி ஒரு குளம் எப்போதும் நிற்கும்.

## கியர்: இன்ஜினை ஆசுவாசப்படுத்துவது

இந்தப் பகுதியில்தான் குழப்பம் அதிகம், அதனால் எண்களோடே போவோம்.

கால் மைல் ஓட்டத்துக்குப் பின் அச்சில் 3.73 விகிதம் வைப்பார்கள். சக்கரம் ஒரு முறை சுற்ற, இன்ஜினிலிருந்து வரும் நீளத் தண்டு 3.73 முறை சுற்ற வேண்டும் என்று பொருள். அந்த நீளத் தண்டுக்கு நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்வது போல புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்றே சொல்வோம். பழைய 4 கியர் பெட்டியில் நான்காவது கியர் நேர் இணைப்பு, இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகம். 66 சென்டிமீட்டர் உயர டயரோடு இந்தக் கார் 200-இல் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும். 14 வினாடிக்குப் பரவாயில்லை. 40 நிமிடம் என்றால் சாதாரண இன்ஜின் தாங்காது.

இதற்கு மருந்து ஓவர்டிரைவ். ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் ஒரு சுற்றுக்கும் குறைவாகச் சுற்றினால் போதும் என்று அமைந்த கியர் அது. டிரெமெக் போன்ற நிறுவனங்களின் சில 5 கியர் பெட்டிகளில் கடைசிக் கியர் 0.64 அளவில் வந்திருக்கிறது. அதை மாட்டினால் அதே 200-இல் இன்ஜின் சுமார் 3,850 சுற்றுக்கு இறங்கிவிடும். சத்தம் குறையும், சூடு குறையும், ஆயிலும் அடியில் நிற்கும்.

எல்லாரும் இத்தோடு கைகழுவிவிடுவார்கள். ஆனால் ஓவர்டிரைவ் இன்ஜினை மட்டும்தான் நிதானப்படுத்துகிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பின் அச்சு 3.73-ஆகவே இருக்கும்வரை 200-இல் ஷாஃப்ட் அதே 6,000 சுற்றுதான் சுற்றும். நீளமான எந்தத் தண்டுக்கும் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகம் உண்டு. அதை நெருங்கினால் தண்டு நடுவில் வளைந்து வில் போல வீசத் தொடங்கும். இதற்கு எல்லைச் சுழற்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். தண்டு நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் எல்லை சீக்கிரம் வரும். அதைத் தொட்ட தண்டு முறிந்தால் தரையைக் குத்தும், அல்லது காரின் தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும்.

ஆகவே பின் அச்சையும் 3.08 போன்ற விகிதத்துக்கு இறக்க வேண்டும். அப்போது 200-இல் ஷாஃப்ட் 5,000-க்குச் சற்றுக் கீழே வந்துவிடும். கூடவே தடிமனான, நன்றாகச் சமன் செய்த ஷாஃப்ட், அது முறிந்தாலும் தொங்காமல் பிடிக்க அடியில் ஒரு இரும்பு வளையம். சிக்னலில் இருந்து கிளம்பும்போது முன்பிருந்த துள்ளல் குறையும், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சுற்று குறைவதே நல்லது என்று ஒரேயடியாக இறக்கினாலும் சிக்கல். 3.08-ஐயும் 0.64-ஐயும் சேர்த்தால் 200-இல் இன்ஜின் 3,200 சுற்றுக்குள்தான் இருக்கும். அந்தச் சுற்றில் காற்றைத் தள்ளத் தேவையான 150 குதிரைத்திறனைத் தருமா என்பது இன்ஜினைப் பொறுத்தது. தராவிட்டால் ஐந்தாவது கியரில் வேகம் இறங்கும், நான்காவதுதான் அதிக வேகம் காட்டும்.

சுருக்கமாக: ஓவர்டிரைவ் இன்ஜினைக் காப்பாற்றும், பின் அச்சு விகிதம் ஷாஃப்டைக் காப்பாற்றும். இரண்டையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

## டயர்

மேலே சொன்ன எதில் தவறினாலும் பெரும்பாலும் இன்ஜின்தான் போகும். டயரில் தவறினால் ஆள் போவார்.

உருளும் டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, விட்டதும் நிமிர்கிறது. ஒவ்வொரு நசுங்கலும் கொஞ்சம் சூடு. 200-இல் இது வினாடிக்கு 27 தடவை நடக்கும். நசுங்கிய ரப்பர் நிமிர்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிட்டால் டயரில் அலை அலையாக மடிப்பு எழும், அங்கிருந்து டயர் பிரிந்துபோக அதிக நேரம் ஆகாது.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வேகக் குறியீடு இதற்காகத்தான். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி 190, ஹெச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300. பழைய மஸில் காருக்கு அழகாக இருக்கும் என்று வாங்கும் வெள்ளை எழுத்துப் போட்ட 15 அங்குல டயர்கள் பெரும்பாலும் எஸ் அல்லது டி. காரின் தோற்றம் கெட்டுவிடும் என்று சிலர் வருந்தினாலும், 17 அல்லது 18 அங்குலச் சக்கரத்துக்கு மாறுவதற்கு உண்மையான காரணம் உயர் குறியீட்டு டயர்கள் அந்த அளவுகளில்தான் தாராளமாகக் கிடைக்கின்றன என்பதே. குறியீடு காற்றழுத்தம் சரியாக இருந்தால்தான் செல்லும். குறைந்த காற்று, அதிக நசுங்கல், அதிக சூடு. அமெரிக்க டயர்களின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். ஷெட்டில் நின்றே பத்து ஆண்டு கடந்த டயரில் பட்டன் தேயாமல் இருக்கலாம், ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும்.

## நிற்பதும் நேராகப் போவதும்

ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 100-இலிருந்து நிற்பதைவிட 200-இலிருந்து நிற்க பிரேக் நான்கு மடங்கு சூட்டை வாங்க வேண்டும். அறுபதுகளின் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் சூடானால் விரிந்து உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகும், பெடல் ஆழமாகப் போகும், பிடிப்பு கரையும். சூட்டால் பிரேக் இப்படிச் சோர்ந்துபோவதைத்தான் பிரேக் தளர்வு என்கிறோம். முன்பக்கமாவது டிஸ்க் பிரேக் கட்டாயம். பிரேக் ஆயிலையும் புதிதாக ஊற்றுங்கள்: டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். 1967-க்கு முந்தைய பெரும்பாலான கார்களில், பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போகும். அதை இரட்டைச் சுற்றாக மாற்றாமல் மேலே எதையும் தொடக்கூடாது.

நேராகப் போவதற்கு வழி கேஸ்டர் கோணம். முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு அது. சாய்வு கூடினால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரும், கார் நேர்கோட்டில் நிலைக்கும். கையால் சுலபமாகத் திருப்ப வேண்டும் என்பதற்காக அன்றைய ஆலைகள் இதை மிகக் குறைவாக வைத்தன. இன்று கிடைக்கும், முன்சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கைகளை (அப்பர் கன்ட்ரோல் ஆர்ம்) மாட்டி 4, 5 டிகிரிக்கு ஏற்றலாம். அரை நூற்றாண்டு பழைய ரப்பர் புஷ்களை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது வீண், முதலில் அவற்றை மாற்றிவிடுங்கள்.

எரிபொருளைப் பற்றி ஒரு வரி: 250 குதிரைத்திறனில் தொடர்ந்து ஓடும் இன்ஜின் மணிக்கு 75 லிட்டர் போலக் குடிக்கும். அதைத் தொடர்ந்து தர டேங்க் அருகே மின்சார பம்பும், புகைக்குழாயை ஒட்டாமல் போகும் குழாயும் வேண்டும்.

## இதை எங்கே ஓட்டுவது?

பொதுச்சாலையில் இடமில்லை. அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த வேக வரம்பு டெக்சாஸின் 130-ஆம் எண் சாலையில், மணிக்கு 85 மைல், அதாவது 137 கிலோமீட்டர். அதற்கு மேல் வேண்டுமென்றால் நெவாடாவில் 1988 முதல் நடக்கும் சில்வர் ஸ்டேட் கிளாசிக் போன்ற ஓட்டங்கள் இருக்கின்றன. 318-ஆம் எண் நெடுஞ்சாலையைப் போக்குவரத்துக்கு மூடிவிட்டு, லண்ட் என்ற ஊரிலிருந்து ஹைக்கோ வரை 90 மைல் ஓட்டுவார்கள். பெரும்பாலான வகுப்புகளில் அதிக வேகக்காரருக்குப் பரிசு இல்லை, தான் பதிந்த சராசரி வேகத்துக்கு மிக நெருக்கமாக வந்தவருக்குத்தான். வகுப்பு உயர உயரப் பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலும் நீளும்.

புதிதாகத் தயாரான காரோடு உயர்ந்த வகுப்பில் பெயர் கொடுக்க வேண்டாம். முதலில் மூடிய ஓடுதளம் ஒன்றில் 160-இல் பத்து நிமிடம் ஓட்டி, தண்ணீர், ஆயில் முள்கள் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் 180. இன்னும் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தால், நடப்பு வேகம் எதுவானாலும் அந்தக் கார் இன்னும் அதற்குத் தயாராகவில்லை, பட்டறைக்குத் திருப்புங்கள்.